காற்றழுத்த யந்திரமும் மூச்சுத் திணறலும்: பழகும் முறை பற்றிய பாடம்

குறட்டை விடுவதை நம் நாட்டில் ஒரு நோயாக எண்ணுவாரில்லை. உழைத்துக் களைத்தவனின் அயர்ந்த உறக்கத்திற்கு அது அடையாளம் என்றே கூறுவர். குறட்டை விடுவோர் அனைவரும் நோயாளிகள் அல்லர் என்பது மெய்யே. ஆயினும், குறட்டை திடீரென்று அடங்கி, சில விநாடிகள் மூச்சே இல்லாதிருந்து, பின்னர் பெருந்திணறலுடன் மீண்டும் தொடங்குமாயின், அது உறக்க மூச்சுத்தடை என்னும் நோயாக இருக்கக்கூடும். மருத்துவர்கள் இதனை ‘ஸ்லீப் அப்னியா’ என்பர். இந்நோய்க்கு, முகமூடியின் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் ‘சீ-பேப்’ என்னும் யந்திரம் சிறந்த சிகிச்சையாக விளங்குகிறது.

நம் அங்கத்தினர் சிலருடைய இல்லங்களிலும் இந்த யந்திரம் இப்பொழுது காணப்படுகிறது. ஆனால் வாங்கியவருள் பலர், “மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டுகிறது” என்று கூறிச் சில நாட்களிலேயே அதனை ஒதுக்கிவிடுகின்றனர். மூச்சுக்காக வாங்கிய யந்திரமே மூச்சை முட்டச் செய்வதேன்? அதனைத் தவிர்ப்பது எவ்வாறு? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

நோயின் தன்மை

நாம் விழித்திருக்கும்பொழுது தொண்டைத் தசைகள் இறுகி நின்று மூச்சு வழியைத் திறந்து வைக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்கின்றன. சிலருக்கு இத்தளர்ச்சி மிகுந்து, நாவின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னோக்கிச் சரிந்து வழியை அடைத்துவிடுகின்றன. காற்றோட்டம் 10 விநாடிகளோ அதற்கு மேலோ நின்றால் அதனை ஒரு தடை என்று கணக்கிடுவர். முழுத்தடையும் பகுதித்தடையும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை நேரிட்டால் நோய் இலேசானது. 15 முதல் 30 வரை என்றால் நடுத்தரமானது. 30க்கு மேற்பட்டால் கடுமையானது. இதனை உறக்கப் பரிசோதனையால் மட்டுமே திட்டமாக அறிய இயலும்.

ஒவ்வொரு தடையின்போதும் இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்பி மூச்சை மீட்கிறது. இவ்வாறு ஓர் இரவில் நூறு முறை எழுந்தாலும் காலையில் அவருக்கு அது நினைவிருப்பதில்லை. தலைவலியும், பகலெல்லாம் தூக்கமும், மறதியும், சினமுமே எஞ்சி நிற்கின்றன. நாளடைவில் இரத்த அழுத்தம் உயர்வதற்கும் இதயம் துன்புறுவதற்கும் இது ஏதுவாகிறது. தறியில் அமர்ந்தவர் கண்ணயர்ந்தால் இழை அறும்; துணி பழுதாகும். டிராக்டரோ லாரியோ ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் தம் உயிரோடு பிறர் உயிரும் போம்.

யந்திரம் செய்யும் வேலை

விவசாயிகள் இதனை எளிதில் உணரலாம். பம்பின் உறிஞ்சு குழாய் மெல்லியதாக இருந்தால், மோட்டார் இழுக்கும்பொழுது அது உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். அதனாலேயே அதனுள் கம்பிச் சுருள் வைக்கப்படுகிறது. வயலுக்கு நீர் விடும் தட்டைக் குழாயோ, நீரில்லாதபோது படிந்து கிடந்து, நீர் அழுத்தத்துடன் பாய்ந்தவுடன் உருண்டு திரண்டு நிற்கிறது. தளர்ந்த தொண்டை, மூச்சை உள்ளிழுக்கையில் மெல்லிய உறிஞ்சு குழாயைப் போல ஒட்டிக்கொள்கிறது. யந்திரம் தரும் காற்றழுத்தம் அதனை நீர் பாயும் தட்டைக் குழாயைப் போல விரித்து நிறுத்துகிறது. யந்திரம் நமக்காக மூச்சு விடுவதில்லை. வழியைத் திறந்து வைப்பது மட்டுமே அதன் வேலை. மூச்சு விடுபவர் நாமே என்பதை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இம்முறையைக் கண்டவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் ஆவார். அதற்கு முன்னர், கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் மூச்சுக்குழாயைத் துளையிடும் அறுவையே முக்கிய சிகிச்சையாக இருந்தது. அவ்வறுவை வேண்டுமென்று கூறப்பட்ட நோயாளி ஒருவர், 1980ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு இப்புதிய முறையைச் சோதித்துப் பார்க்க இசைந்தார். காற்றழுத்தத்தை உயர்த்தியவுடன் அவருடைய மூச்சுத்தடை நீங்கிற்று. குறைத்தவுடன் மீண்டும் தோன்றிற்று. ஐந்து நோயாளிகளைப் பற்றிய குறிப்புடன் 1981இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இம்முறை வெளியாயிற்று. அக்காலத்து யந்திரங்கள் பேரொலி எழுப்புவன. முகமூடியையோ ஒவ்வோர் இரவும் முகத்தில் பசையிட்டு ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவற்றையும் பொறுத்து அவர்கள் பயன்படுத்தினர் என்றால், நல்லுறக்கத்தின் அருமையை எவ்வளவு உணர்ந்திருந்தனர் என்பது விளங்கும்.

அழுத்தத்தின் அளவு: ஒரு சிறு சோதனை

யந்திரத்தின் அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்திற்குள் வைக்கப்படுகிறது. இதன் அளவை வீட்டிலேயே அறியலாம். ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, ஒரு குழலின் நுனியை நீர்மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அமிழ்த்தி, மறுநுனியில் வாய் வைத்து ஊதுக. குமிழி வெளிப்படத் தேவையான அழுத்தமே 10 சென்டிமீட்டர் நீரழுத்தம். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் இது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே ஆகும். நுரையீரலுக்கு இது பெருஞ்சுமையன்று. ஆயினும், மூச்சை வெளிவிடும்போது சிறிது எதிர்ப்பை உணர்கிறோம். பிறந்த நாள் முதல் எதிர்ப்பின்றி மூச்சு விட்டுப் பழகிய மனம் இதனைக் கண்டு கலங்குகிறது.

மூச்சு முட்டுவதன் காரணங்கள்

காரணத்தை அறியாமல் பரிகாரம் செய்யலாகாது. “மூச்சு முட்டுகிறது” என்னும் ஒரே சொல்லுக்குள் பல வேறு காரணங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, வெளிமூச்சின் எதிர்ப்பு. இதனை உணர்ந்தவர் பலமாக ஊதி யந்திரத்தோடு போராடுகின்றனர். இவ்வாறு மிகையாக மூச்சு விடுவதால் தலைசுற்றலும் படபடப்பும் உண்டாகும். வெளிமூச்சு தானே நிகழவேண்டும். நெஞ்சைத் தளரவிட்டால் போதும். வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைச் சிறிது தளர்த்தும் அமைப்பும், குறைந்த அழுத்தத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்தும் அமைப்பும் பெரும்பாலான யந்திரங்களில் உள்ளன. அவற்றை அமைத்துத் தரும்படி மருத்துவரையோ பயிற்சி பெற்ற ஊழியரையோ கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறானது. தொடக்க அழுத்தம் 4 சென்டிமீட்டராக இருப்பின், சிலருக்குப் போதிய காற்று வராதது போல் தோன்றும். இவர்களுக்கு அழுத்தம் குறைவதே துன்பம். தொடக்க அழுத்தத்தைச் சற்று உயர்த்தினால் துன்பம் நீங்கும். ஆதலால், காற்று மிகுதியாக இருக்கிறதா, போதவில்லையா என்பதைத் தெளிவாகச் சொல்லுதல் அவசியம். இவ்வொரு சொல்லில் சிகிச்சையே மாறுபடும்.

மூன்றாவது, மூக்கடைப்பு. ஜலதோஷம், ஒவ்வாமை, மூக்குத்தண்டின் வளைவு ஆகியவற்றால் மூக்கு அடைபட்டிருந்தால், யந்திரம் எவ்வளவு செலுத்தினும் காற்று செல்லாது. பஞ்சுத் தூசியில் வேலை செய்யும் நெசவாளர் இதனை முதலில் கவனித்தல் வேண்டும். உப்புநீர்த் துளிகளும், மருத்துவர் தரும் மூக்கு மருந்தும், காற்றை வெதுவெதுப்பாக்கி ஈரமூட்டும் நீர்த்தொட்டியும் இதற்கு உதவும்.

நான்காவது, வாய் திறந்துகொள்ளுதல். மூக்கு முகமூடி அணிந்தவர் உறக்கத்தில் வாயைத் திறந்தால் காற்று வாய்வழியே வெளியேறும். காலையில் வாயும் தொண்டையும் வறண்டிருந்தால் இதுவே காரணம் என்று ஐயுறலாம். அத்தகையோருக்கு மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஏற்றதாகலாம்.

ஐந்தாவது, முகமூடியின் பொருத்தமின்மை. பாவின் இழுப்பு மிகுந்தால் இழை அறும், தளர்ந்தால் துணி சீராக அமையாது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. முகமூடியின் வார்களுக்கும் அதுவே விதி. காற்று ஒழுகுகிறதே என்று வார்களை வலிந்து இறுக்கினால் முகம் புண்ணாகும், ஒழுக்கும் மிகும். யந்திரத்தை ஓடவிட்டு, படுத்த நிலையிலேயே வார்களைச் சரி செய்தல் வேண்டும். முகத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் முகமூடி வழுக்கும். முகத்தைக் கழுவிய பின்னரே அணிதல் நன்று.

ஆறாவது, அச்சம். மூக்கை மூடிக் கட்டியதும், அடைபட்ட அறையில் அகப்பட்டது போன்ற கலக்கம் சிலருக்கு எழுகிறது. இது கோழைத்தனமன்று. பிறர் நகைத்தால் அது மிகும்; பொறுமையாகப் பழகினால் அது குறையும்.

ஏழாவது, காற்று வயிற்றிற் செல்லுதல். வயிறு உப்பி, ஏப்பம் மிகுந்து, நெஞ்சை அடைப்பது போலிருக்கும். இதனையும் மருத்துவரிடம் கூறினால் அழுத்தத்தை மாற்றியமைப்பர்.

எட்டாவது, சிகிச்சை தொடங்கிய பின்னர்ச் சிலருக்கு மூளையின் கட்டளை தாமதிப்பதால் தோன்றும் வேறு வகை மூச்சுத்தடை. பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது தானே மறையும்; மறையாதவருக்கு வேறு யந்திரம் தேவைப்படலாம். யந்திரத்தில் பதிவாகும் கணக்கைக் கொண்டு மருத்துவர் இதனை அறிவார்.

அடைக்கக் கூடாத துளைகள்

இங்கு ஓர் எச்சரிக்கை. முகமூடியில் சிறு துளைகள் உள்ளன. நாம் வெளிவிடும் கரியமிலவாயு அவற்றின் வழியே வெளியேறுகிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 20 முதல் 40 லிட்டர் காற்று அவற்றின் வழியே செல்வது இயல்பே. ‘உஸ்’ என்ற அவ்வொலியைக் கேட்டு, முகமூடி ஒழுகுகிறது என்று எண்ணி, துணியாலோ ஒட்டுத்தாளாலோ அடைப்பது மிகவும் ஆபத்தானது.

ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்ட நிகழ்ச்சியை இங்குக் கூறுதல் பொருந்தும். அங்கத்தினர் ஒருவர் கடன் பெற்று யந்திரம் வாங்கியிருந்தார். ஏட்டில் தவணைகள் ஒழுங்காகச் செலுத்தப்பட்டிருந்தன. யந்திரமோ பரணில் பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தது. மூன்று இரவுகள் அணிந்ததாகவும், மூச்சு முட்டியதால் நிறுத்தியதாகவும் அவர் கூறினார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது, ஒலியை அடக்குவதற்காக வீட்டார் துளைகளின்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது தெரிய வந்தது. அவரை மருத்துவரிடம் அனுப்பியதில், தொடக்க அழுத்தம் 4 சென்டிமீட்டரே என்பதும், மூக்கடைப்பு இருந்ததும் புலப்பட்டன. பிளாஸ்திரி அகற்றப்பட்டது; அழுத்தம் திருத்தப்பட்டது; மூக்கிற்கு மருந்து தரப்பட்டது. அடுத்த மாதம் நாம் சென்றபோது அவர் இரவில் ஐந்து மணி நேரத்திற்குக் குறையாமல் அதனை அணிந்து வந்தார். “பிற்பகலில் தறியில் கண் சொருகுவது நின்றது, ஐயா” என்று அவர் கூறியதே இப்பாடத்தை எழுதத் தூண்டிற்று.

படிப்படியாகப் பழகும் முறை

புதிய மாட்டை முதல் நாளே பாரவண்டியிற் பூட்டுவாரில்லை. அதுபோல, யந்திரத்தையும் முதல் இரவே விடியும்வரை அணிந்தாக வேண்டும் என்று மனத்தை வருத்த வேண்டா. இயலுமாயின் நன்று, இயலாதவர் கீழ்க்கண்டவாறு பழகலாம்.

1. பகலில் விழித்த நிலையில் அமர்ந்து, யந்திரத்தை ஓடவிட்டு, முகமூடியை வார் கட்டாமல் கையால் மூக்கின்மேல் பிடித்துக்கொண்டு மூச்சு விடுக. ஒரு நிமிடத்தில் தொடங்கி ஐந்து நிமிடம் வரை செல்லலாம். வேண்டும்போது எடுத்துவிட முடியும் என்னும் உறுதியே அச்சத்தைத் தணிக்கும்.

2. அது பழகிய பின், வார்களைக் கட்டி, வானொலி கேட்டுக்கொண்டோ பத்திரிகை படித்துக்கொண்டோ 15 முதல் 20 நிமிடம் அணிந்திருக்க. முகமூடியைக் கழற்றும் முறையை இருட்டிலும் செய்யக் கைக்குப் பழக்குக.

3. பின்னர், பகலில் படுத்துச் சிறு உறக்கத்திற்கு முயல்க.

4. இறுதியாக, இரவில் படுக்கும்போதே அணிக. நள்ளிரவில் விழித்து மூச்சு முட்டுவதாகத் தோன்றினால், எழுந்து அமர்ந்து, அழுத்தத்தை மீண்டும் தாழ்விலிருந்து தொடங்கும் பொத்தானை அழுத்தி, சில மூச்சுக்கள் அமைதியாக விட்டு, மறுபடியும் படுக்க.

ஒவ்வொரு படியிலும் ஒரு நாள் முதல் ஐந்து நாள் வரை நிற்கலாம். ஒரு படி இயல்பாகும் வரை அடுத்ததற்குச் செல்ல வேண்டா. ஆனால் ஒரு நாளும் விட்டுவிடலாகாது. முதல் வாரத்தில் ஏற்படும் வழக்கமே பெரும்பாலும் பின்னரும் நிலைக்கிறது என்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இரவில் குறைந்தது 4 மணி நேரம் என்பதனை வழக்கமான அளவாகக் கொள்வர். உறங்கும் நேரம் முழுவதும் அணிவதே முழுப்பயன் தரும். தூக்கம் வருவதற்காக மதுவையோ, மருத்துவர் கூறாத மாத்திரையையோ நாடுதல் நோயை மிகுவிக்கும். யந்திரத்துக்கு நன்கு பழகும் வரை, பகலில் தூக்கம் வருபவர் வண்டி ஓட்டலாகாது.

பராமரிப்பு

யந்திரத்தைத் தறி இருக்கும் அறையில் வைத்தலாகாது. பஞ்சுத் துகள் வடிகட்டியை அடைத்துக் காற்றோட்டத்தைக் குறைக்கும். வடிகட்டியை வாரந்தோறும் பார்த்து, அழுக்கடைந்தால் மாற்றுக. முகமூடியை நாள்தோறும் இலேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்துக. நீர்த்தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் என்னும் வடிநீரையே ஊற்றி, தினமும் மாற்றுக. யந்திரம் தலைமட்டத்திற்குக் கீழே இருக்கவேண்டும். இல்லையேல் குழாயில் குளிர்ந்து திரளும் நீர் முகத்திற் பாய்ந்து திடுக்கிடச் செய்யும். குழாய்க்கு ஒரு துணியுறை தைத்துப் போட்டால் நீர் திரள்வது குறையும்; நெசவாளர் இல்லத்தில் அதற்குத் துணி பஞ்சமில்லை.

மின்சாரம் நின்றால் என் செய்வது என்ற அச்சம் பலருக்குண்டு. வாயையும் மூடும் முகமூடிகளில், யந்திரம் நின்றவுடன் வெளிக்காற்றை உள்ளே விடும் தடுக்கு உள்ளது. மூக்கு முகமூடியாயின் வாய் திறந்தே இருக்கிறது. இன்வெர்ட்டரில் இயக்குவோர் நீர்த்தொட்டியின் வெப்பத்தை நிறுத்திவிட்டால் மின்சாரம் நெடுநேரம் வரும்.

மருத்துவரை உடனே நாட வேண்டிய சமயங்கள்

முகமூடியைக் கழற்றிய பின்னரும் மூச்சுத் திணறல் நீடித்தல், நெஞ்சுவலி, கால் வீக்கம், மயக்கம் ஆகியவை யந்திரத்திற்குப் பழகாமையால் வருவன அல்ல. அவற்றிற்குத் தாமதமின்றி மருத்துவ உதவி தேவை. நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ளவர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். அழுத்தத்தைத் தாமே மாற்றுவதும், ஒருவருக்கு அமைத்த யந்திரத்தை மற்றொருவர் அணிவதும் தவறு. முறையாக முயன்றும் யந்திரம் ஒத்துவராதவர் மனந்தளர வேண்டா. உள்மூச்சிற்கும் வெளிமூச்சிற்கும் வெவ்வேறு அழுத்தம் தரும் யந்திரம், கீழ்த்தாடையை முன்னிறுத்தும் பற்கருவி, உடற்பருமனைக் குறைத்தல், ஒருக்களித்து உறங்குதல் முதலிய வழிகளும் உள்ளன. அவற்றுள் ஏற்றதை மருத்துவர் தேர்ந்து கூறுவார்.

சங்கத்தின் கடமை

இந்த யந்திரம் பல்லாயிரம் ரூபாய் விலையுடையது. கடன் வழங்கும் சங்கம், பற்றுச்சீட்டைப் பெற்றதோடு தன் கடமை முடிந்ததென்று கருதலாகாது. உறக்கப் பரிசோதனை அறிக்கை உள்ளதா, விற்பவர் வீட்டிற்கு வந்து பொருத்திக் காட்டுவாரா, முகமூடி பொருந்தாவிடில் மாற்றித் தருவாரா, வாங்குமுன் சில நாள் வாடகைக்குப் பெற்றுப் பார்க்க இயலுமா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பழைய யந்திரம் வாங்குவோர் அதன் வகையையும் விசாரித்தல் நன்று. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிலிப்ஸ் நிறுவனம், ஒலியை அடக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதையக்கூடும் என்பதனால், தன் யந்திரங்களில் சில வகைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது நினைவிருக்கலாம்.

இவை எல்லாவற்றினும் சிறந்தது அங்கத்தினரின் பரஸ்பர உதவியே. யந்திரத்திற்கு நன்கு பழகிய ஒருவர், புதிதாக வாங்கியவரின் இல்லத்திற்கு முதல் வாரத்தில் இரண்டு முறை சென்று, அணியும் விதத்தைக் காட்டி, “எமக்கும் முதலில் இப்படித்தான் இருந்தது” என்று கூறுவாராயின், அது பத்துப் பாடங்களுக்கு ஈடாகும். ஒருவருக்கொருவர் தோள் கொடுப்பது வரவு செலவில் மட்டுமன்று, மூச்சிலும் கூட என்பதை நம் சங்கங்கள் காட்டலாம். பரணில் உறங்கும் யந்திரங்கள் இறங்கி வரட்டும், அவற்றிற்குரியோர் உறங்கட்டும்.

உறுப்பினர் கல்வி வகுப்பில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. யந்திரம் நமக்காக மூச்சு விடுகிறதா? அதன் வேலை யாது?

2. காற்று மிகுதி, காற்றுப் போதாமை ஆகிய இரண்டு முறையீடுகளுக்கும் பரிகாரம் எவ்வாறு வேறுபடும்?

3. முகமூடியின் துளைகளை ஏன் அடைக்கக் கூடாது?

4. தறியுள்ள வீட்டில் யந்திரத்தை எங்கே வைப்பது தகும்?

5. நம் சங்கத்தில் இந்த யந்திரம் வாங்கியவர் யார் யார்? அவர்களுள் இன்று அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? பயன்படுத்தாதவருக்கு நாம் செய்யக்கூடியது யாது?